அடுப்படியில் ஓடிய கூட்ஸ் வண்டி

அன்று அடுப்படியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், என் தம்பி சேகர், பக்கத்து வீட்டு என்ஜின் டிரைவர் பாக் டின். ஒரு பூனையும் இருந்தது. அப்பா தரையில் கோடு போடத் தொடங்கியதும், இது நமக்குச் சரிப்பட்டு வராது என்பதுபோல எழுந்து வெளியே போய்விட்டது. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை முழுக்கக் காயாமல் இருந்ததால் கரிக்கட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஈரக் கரியின் வாசனையோடு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கோலா கெடா ஊர்க் கருவாட்டுக் குழம்பின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏற, வெளியே கூட்ஸ் வண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும் 'டங், டங், டங்' சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி அடங்கியது. அந்தச் சத்தத்தைத்தான் அப்பா தரையில் வரைந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கைப் பட்டாணி ரயில் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆறாவது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால், கூட்ஸ் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு. ஒரு பக்கம் அரிசி ஆலை. யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் லோரியில் வந்து இறங்கி, அரிசியாகி, மூட்டையாகி, ரயிலில் தெற்கே போகும். இன்னொரு பக்கம் கித்தா ஸ்டோர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகள் அங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும், மழை பெய்தால் அந்த வாடை எங்கள் தலையணை வரைக்கும் வரும். இரண்டுக்கும் நடுவே டவுன் சடக்கு, அதாவது ரோடு, தண்டவாளம் ஓடும் கம்பிச்சடக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஊரில் மற்றவர்களுக்கு ரயில் என்றால் ஆளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிதான். எங்களுக்கோ காலையிலிருந்து மாலை வரை அந்த யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன என்ஜின்தான் ரயில்.

அது செய்த வேலைக்கு 'ஷண்டிங்' என்று பெயர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மளிகைக்கடை அலமாரியில் பின்வரிசையில் இருக்கிற போத்தல் வேண்டுமென்றால் முன்வரிசைப் போத்தல்களை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். ஆலைக்குள் போகும் தடத்தில் நான்கு வண்டிகள் நிற்கும். வேண்டியது கடைசி வண்டியாகத்தான் இருக்கும், அது எப்போதும் அப்படித்தான். எல்லாவற்றையும் வெளியே இழுத்து, வேண்டாததை ஓரத்தடத்தில் விட்டு, வேண்டியதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இழுத்து வெளியே வந்து நிற்பதற்கு ஒரு நீளத் தடம் இருந்தது. ஆலைத்தடம், ஸ்டோர்த்தடம், ஓரத்தடம் மூன்றும் அதில் வந்துதான் சேரும். அதை யார்டில் எல்லோரும் 'கழுத்து' என்றார்கள். அந்தக் கழுத்தைத்தான் டவுன் சடக்கு வெட்டியது, அங்கே ஒரு ரயில்வே கேட்டும் அதைச் சாத்தித் திறக்கக் கேட்டுக்காரரும் உண்டு.

அப்பா அப்போது பாயிண்ட்ஸ்மேன். தடத்தை மாற்றிவிடும் கம்பியைப் பிடித்து இழுப்பதும், ஷண்டர் சொன்ன பக்கம் கொடியைக் காட்டுவதும் அவர் வேலை. எத்தனை வண்டியை எங்கே எடுப்பது என்று கணக்குப் போடுவது ஷண்டரின் வேலை. அந்த ஷண்டர் ஓய்வுபெறப் போகிறார் என்றும், அப்பா பரீட்சை கொடுத்து அந்த இடத்துக்கு வந்தால் வேலை நிரந்தரம் என்றும், தவறினால் அப்பாவை 'கேங்'கில் போட்டுவிடுவார்கள் என்றும் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருந்தார். கேங் என்றால் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டம். இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு ஓர் இடம். அந்த ஆட்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. வீட்டைக் காலி செய்துகொண்டு பாடாங் மேஹா தோட்டத்தில் மாமாவின் லயத்து வீட்டுக்குத்தான் நாங்கள் போக வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே படுக்கையில் திரும்பிப் படுக்க முடியாத அளவுக்கு ஆட்கள்.

பரீட்சை எழுத்தில் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து வாயால் கேட்பார், வாயால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அடுப்படியில் யார்டு.

நெருப்புப் பெட்டிகள் வண்டிகளாயின. ஆலைக்குப் போகிறவற்றில் ஒரு அரிசியைச் சோற்றுப் பசையால் ஒட்டினோம். ஸ்டோருக்குப் போகிறவற்றுக்கு ரப்பர் வளையம் மாட்டினோம். காலி வண்டியைக் காலியாகவே விட்டோம். காலி சாடின் மீன் டின் ஒன்று என்ஜினாகியது. அதைத் தள்ளுவது நான். 'என்ஜினு' என்றே என்னை அந்த மாதங்களில் வீட்டில் கூப்பிட்டார்கள். அப்பா கையைத் தூக்கினால் போக வேண்டும், பக்கவாட்டில் நீட்டினால் மெதுவாக்க வேண்டும், இறக்கினால் அப்படியே நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. சேகர் விசில். முன்பல் இரண்டும் விழுந்திருந்த அவன் வாயிலிருந்து விசிலைவிட எச்சில்தான் அதிகம் வந்தது.

எல்லாம் தரையில் சரியாகப் பொருந்தியது, ஒன்றைத் தவிர. கழுத்து போக வேண்டிய இடத்தில் அம்மி கிடந்தது.

"அம்மியத் தொடாதீங்க. ஒங்க ரயிலு வேணும்னா அதுவரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகட்டும்" என்றாள் அம்மா.

அப்பா அளந்து பார்த்தார். என்ஜினும் இரண்டு நெருப்புப் பெட்டிகளும் நிற்க இடம் இருந்தது. "அங்கனதான் ரோடும் வருது. பொருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கரிக்கட்டையை வைத்துவிட்டார். உண்மையான கழுத்து சடக்கைத் தாண்டி அந்தப் பக்கமும் போகும், அங்கே நான்கு வண்டிகள்கூட நிற்கும். அப்பாவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அம்மியோடு யார் வாதாடுவது?

பாக் டின் மலாய்க்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான், அதனால் எங்கள் சண்டைகளைக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டார் என்று அம்மா சொல்வாள். அவர்தான் எங்கள் அடுப்படி இன்ஸ்பெக்டர். அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து கேள்வி போடுவார். அப்பா பேசாமல் என்னைக் கையாலேயே ஓட்டி வேலையை முடித்துவிடுவார்.

"முத்து, நீ நல்ல ஆளு. ஆனா கைதான் பேசுது, வாய் பேசல லா" என்பார் பாக் டின்.

"வாய் பேசாத ஆளாப் பாத்துத்தான் எங்கப்பா எனக்குக் கட்டி வச்சாரு. இப்பப் போய்ப் பேசச் சொன்னா எங்கேருந்து வரும்?" என்பாள் அம்மா.

அவள் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் ரயிலையே பக்கத்தில் பார்த்தாளாம். ஆனாலும் குழம்பைக் கிண்டிக்கொண்டே, கரண்டியின் காம்பால் தரையைச் சுட்டி, "அந்தக் கித்தா டப்பாவ மொதல்ல ஓரமா விடுங்க, அப்பறம் அரிசிய எடுங்க" என்று சொல்வாள். "நீ கொழம்பப் பாரு" என்று அப்பா அதட்டுவார். அதட்டிவிட்டு, தலையைச் சொறிந்துவிட்டு, கித்தா டப்பாவை முதலில் ஓரமாக விடச் சொல்லி எனக்குக் கை காட்டுவார். பாக் டின் சாக்கின் மேலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "இன்ஸ்பெக்டர் வந்தா அக்காவ அனுப்பு லா!"

அவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவலைப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் நான் அந்த வயதிலேயே குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்து வந்தால் காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைப்பேன். வராமல் நேரே போய்விட்டால், சொல்ல மனமில்லாமல் போகிறார் என்று நினைப்பேன். ஒரு பிஸ்கட் டின்னில் என் நல்ல கவுனையும் சேகரின் சட்டை ஒன்றையும் மடித்து வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். திடீரென்று கிளம்பச் சொன்னால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் நான் பள்ளியில் இருந்தேன். ஆசிரியை என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அன்றைக்கே கேட்டிருந்தால்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு ஓடி வந்தபோது அப்பா சீருடையோடு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னவர் பாக் டின்தான். ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் மேசையில் சாக்குக்கட்டியால் தடம் வரைந்து, டோமினோ கட்டைகளை வண்டிகளாக வைத்திருக்கிறார். ஆலைத்தடத்தில் நான்கு வண்டி, கடைசியில் நிற்பதை எடு, எவ்வளவு குறைவாக நகர்த்த முடியுமோ அவ்வளவு குறைவாக நகர்த்து என்று கேள்வி.

"நாலையும் ஒரே இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. சின்னப் புள்ள கேள்வி லா. இவன் ரெண்டு இழுக்குறான், ஓரமா விடுறான், மறுபடி போறான், ரெண்டு இழுக்குறான். இன்ஸ்பெக்டர் கேக்குறாரு, ஏன் ரெண்டு ரெண்டா இழுக்குறே, கழுத்துல நாலு நிக்குமேன்னு. இவன் வாயத் தொறக்கல" என்றார் பாக் டின்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஏன் ரெண்டு ரெண்டா இழுத்தீங்க?"

அப்பா உள்ளே அம்மி கிடந்த பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

"அது அங்கன இருக்குன்னு கை நெனச்சுக்கிச்சு" என்றார்.

எங்கள் அடுப்படியில் ஒரு அம்மிக்கல் இருக்கிறது, அதனால்தான் ஐயா என்று எந்த இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்வது? சடக்கை மறிக்கக்கூடாது என்று நினைத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம் என்று பாக் டின் பிறகு எடுத்துக்கொடுத்தார். அப்பாவுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை, தோன்றாததைச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. தவறிவிட்டார். ஆனால் ஆள் பற்றாக்குறையோ என்னவோ, அடுத்த முறை வரும்போது இன்னொரு தரம் பார்க்கிறேன், இந்த முறை மேசையில் வேண்டாம், யார்டிலேயே என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதுதான் கடைசி வாய்ப்பு.

அம்மா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "அரசாங்க வேலைக்கு என் அம்மி குறுக்க நிக்குதுன்னு தோட்டத்துல கேட்டா, காறித் துப்புவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அடுப்படியில் அம்மி இல்லை. அது இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக, சதுரமாக வெளுத்திருந்தது. ஒரு சாக்கை விரித்து அதன் மேல் அம்மியைப் புரட்டித் தன்னந்தனியாகக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய் ஜம்பு மரத்தடியில் போட்டிருந்தாள். அது மழைக்காலம். மரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன் கீழே குனிந்து உட்கார்ந்து அரைத்தாள். அந்த மாதங்களில் எங்கள் சட்னியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் கலந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கழுத்து நீண்டது. இப்போது வேறு தொல்லை வந்தது. ஒரே இழுப்பில் நான்கையும் இழுத்துவிட்டு, அடுத்தது என்ன என்று அப்பா யோசித்துக்கொண்டு நிற்பார். வண்டிகள் சடக்கின் மேல் நிற்கும். சேகருக்கு அது பொறுக்கவில்லை. விசில் வேலையை உதறிவிட்டு, போத்தல் மூடிகளைப் பொறுக்கி வந்து சடக்கின் இருபுறமும் லோரியும், காடி என்று நாங்கள் சொல்லும் காரும், சைக்கிளுமாக வரிசை வைத்தான். அப்பா யோசிக்க ஆரம்பித்தால் போதும், அரிசி ஆலை முதலாளியான தவுக்கேயின் குரலில், "ஆயியா! என் லோரி எப்ப போறது?" என்று கத்துவான். அப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது. ஒருநாள் முதுகில் ஒன்று வைக்கவும் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இழுக்கக் கை தூக்குமுன் அவனைப் பார்த்து, "கேட்டு சாத்தியாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். "சாத்தியாச்சு!" என்பான். திரும்பத் தள்ளி முடித்ததும், "தொறந்துவிடு!" என்பார். அதுவரை ஊமையாக இருந்த ஷண்டிங்கில் அப்பாவின் குரல் வந்தது அப்படித்தான்.

இரண்டாவது பரீட்சையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பள்ளி விடுமுறை, அம்மா கையில் ஈரத்தோடு, நானும் சேகரும் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு. என்ஜினில் பாக் டின், முகத்தைத் தெரியாத ஆள்போல வைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை முன்னே இறக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டுக்காரரைப் பார்த்து அப்பா கத்தியது வேலி வரைக்கும் கேட்டது. கேட்டு சாத்தப்பட்டது. அப்பா கொடியைக் காட்டினார், என்ஜின் இழுத்தது, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சடக்கைத் தாண்டத் தொடங்கின.

வந்தவை மூன்று. நான்காவது ஆலைத்தடத்திலேயே நின்றது. கொக்கி சரியாக மாட்டாமல் வழுக்கிவிட்டிருந்தது. மூன்றாவது வண்டி சடக்கின் நட்ட நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் லோரிகளும் சைக்கிள்களும் சேர்ந்துவிட்டன.

"அப்பா! லோரி நிக்குது!" என்று சேகர் தொண்டை கிழியக் கத்தினான். இன்ஸ்பெக்டர் திரும்பி எங்களைப் பார்த்தார். நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என் விரலைக் கடித்தான். இனி பாடாங் மேஹாதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமாவின் வீட்டில் எந்த மூலையில் படுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்பா ஓடவில்லை. கொக்கியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. முதலில் மூன்று வண்டிகளையும் திரும்பத் தள்ளவைத்து, சடக்கைக் காலி செய்து, "தொறந்துவிடு!" என்றார். சேர்ந்திருந்தவை எல்லாம் போகும்வரை நின்றார். அதற்குப் பிறகுதான் நடந்து போய் நான்காவது வண்டியைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மறுபடி கேட்டைச் சாத்தச் சொல்லி, மறுபடி இழுத்தார். கொக்கியை அப்போதே பார்த்து மாட்டியிருந்தால் நேரம் மிச்சம். இன்ஸ்பெக்டர் எதையோ எழுதிக்கொண்டார். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அப்பாவிடம் ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போனார். சிகரெட் கொடுத்தால் பாஸா, ஆறுதலா என்று அம்மாவும் பாக் டின்னும் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பல நாட்கள் விவாதித்தார்கள்.

உத்தரவு வந்த நாளில் அப்பா நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கட்டிலுக்கடியில வச்சிருக்கியே, அந்த டின்னு. அதுல உள்ள துணிய எடுத்து அலமாரியில வை."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷண்டரு ஐயாவுக்குக் காப்பி வேணுமா, இல்ல கேட்டு சாத்துனாத்தான் வேணுமா?" என்று கேட்டாள். கூடுதல் அசைவுக்காக மார்க் குறைத்தார்களா, அதற்காகத்தான் பாஸ் போட்டார்களா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் படிப்பை ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் பாரத்தோடு நிறுத்திக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான், கல்யாணமாகி வெளியேறியதும் அந்த வீட்டிலிருந்துதான். அப்பா ஓய்வுபெறும்வரை எங்களை யாரும் கிளப்பவில்லை.

இப்போது அங்கே போனால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அரிசியையும் ரப்பரையும் லோரிகளே நேராக ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு யார்டுக்கு வேலை குறைந்தது. இரட்டைத் தடம் போட்டு மின்சார ரயில் வந்தபோது கிளைத்தடங்களைப் பிடுங்கிவிட்டார்கள். சடக்கு இப்போது பாலத்தின் மேல் போகிறது. கேட்டு சாத்த ஆளில்லை, சாத்துவதற்குக் கேட்டும் இல்லை. ஆலை இருந்த இடத்தில் காடி கழுவுகிறார்கள். குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் இடித்துவிட்டு வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே லாலாங் புல். ஆறாவது வீடு எங்கே இருந்தது என்று நின்று யோசித்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்கிறது.

சேகர் கூலிமில் தன் வீட்டுக் காடி நிறுத்தும் இடத்தில் நீளப் பலகை போட்டு அந்த யார்டைச் சின்ன அளவில் கட்டிக்கொண்டிருக்கிறான். ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆலை, ஸ்டோர், கழுத்து, குறுக்கே சடக்கு, அதில் கட்டைவிரல் அளவு லோரிகள். வண்டிக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறான். எது எங்கே போக வேண்டும் என்று சீட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நண்பர்கள் வந்து மணிக்கணக்கில் ஷண்டிங் செய்கிறார்கள். நான் போனால் என்ஜினை ஓட்டும் குமிழை என்னிடம் கொடுத்துவிடுகிறான். சாரல் அடித்தால் பலகை ஊறிவிடுமே, கரையான் ஏறிவிடுமே என்று எனக்குத்தான் கவலை. அவனுக்கு அதெல்லாம் கிடையாது.

குவார்ட்டர்ஸ் மட்டும் பலகையில் வெற்றிடமாக இருந்தது. கணினியில் வரைந்து மெஷினில் பிளாஸ்டிக்காக வார்த்துக் கொடுக்கும் ஒரு பையன் அலோர் ஸ்டாரில் இருக்கிறான். போட்டோ கேட்டான், அந்த வீட்டை யார் போட்டோ எடுத்தார்கள்? அப்பாவும் அம்மாவும் இருந்தால் கேட்கலாம். நானே தொலைபேசியில் சொன்னேன்: ஜன்னல் இங்கே, அடுப்படி அங்கே, பலகைச் சுவர் இந்தப் பக்கம், அதற்கடுத்து பாக் டின் வீடு. பொறுமையாகக் கேட்டுக்கொண்டான், "சரிங்க ஆன்ட்டி, சரிங்க ஆன்ட்டி" என்று. தண்டவாளம், என்ஜின், வண்டி எல்லாம் சேகரின் செலவு. இந்த வீட்டுக்கு மட்டும் நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன், சேகரும் விட்டுவிட்டான். நூற்றைம்பது வெள்ளி கேட்டான் பையன். அறுபது கொடுத்திருக்கிறேன். பென்ஷன் வந்ததும் மீதியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீடு வந்துவிட்டது, பலகையில் ஆறாவதாக உட்கார்ந்தும்விட்டது. இன்னும் தொண்ணூறு வெள்ளி பாக்கி.